வீங்காத கை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரி, பட்டாணி எல்லோரும் நெகட்டிவ். நீயும் அங்கே நெகட்டிவ்தானே? அப்பாவின் சளியிலிருந்து காசநோய்க் கிருமி போய்விட்டது, ‘நெகட்டிவ்’ என்று சீட்டு வந்த அன்று அவர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாரே, அன்றோடு நம் வீட்டில் ‘சௌக்கியம்’ என்ற சொல் ஒழிந்தது. போன வாரம் பட்டாணியிடம் டீச்சர் “நல்லா இருக்கியா?” என்று கேட்டதற்கு “நெகட்டிவ் மிஸ்” என்றாளாம். ஒன்றாம் வகுப்புக்கு இந்த வாய் போதாதா?

பேக்கரியில் அடுப்புப் பக்கம் முழுக்க இப்போது என் பொறுப்பு. மற்றவர்கள் சூட்டுத் தட்டை இழுக்கத் துணியை நாலாக மடித்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் வெறுங்கையால் இழுத்து மேடையில் வைத்துவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்ப்பேன். ‘இரும்புக்கை’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். முகம்கூட எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருக்கிறதாம், நல்ல சாப்பாடு போலிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்கிறார்கள். வீட்டுக்காரிதான் சிடுசிடுக்கிறாள். மாதத்துக்கு ரெண்டு டம்ளராவது என் கையிலிருந்து நழுவி உடைகிறதாம். பெரிய பொறுப்பு வந்தால் சின்னச் சாமான் கையில் நிற்காது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே ஆளில்லை, நானே கேட்டுவிடுகிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

நெகட்டிவ். சாப்பிட்டேன். போதுமா?

இரும்புக்கை அவர்களே, மரியாதையாகத் துணி பிடித்துத் தட்டை இழுக்கவும். வீரம் காட்டுவதற்கு வேறு இடமா இல்லை?

█████ ██████████████?

மேலே அடித்திருக்கும் வரியைக் கண்டுகொள்ளாதே, பேனா கசிந்துவிட்டது.

என் பிழைப்பு அதேதான். எலிப் பாதத்தை அரைத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கிருமி எண்ணுவது. தொழுநோய்க் கிருமி மாதிரி சோம்பேறியை நீ பார்த்திருக்க மாட்டாய். எந்தக் கிண்ணத்தில் என்ன தீனி வைத்தாலும் வளராது, எலியின் பாதத்தில்தான் வளரும், அதுவும் ஒன்று இரண்டாக ரெண்டு வாரம் ஆகும். அதனால்தான் ஆளுக்குள் புகுந்து பல வருடம் கழித்துத் தலைகாட்டுகிறது. இப்போது செத்த கிருமியை வைத்துத் தடுப்பூசி ஒன்று தயாராகியிருக்கிறது. அதைச் சோதிக்க ஊர் ஊராகப் போகிறோம். நாளை கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும். கடிதம் வந்தால் லேபில் என் மேஜையில் காத்திருக்கும், பதில் தாமதமானால் கோபிக்காதே.

உன் மாமியார் வீட்டில் யாராவது கேட்டால் நான் சளி மருந்து லேபில் வேலை பார்ப்பதாகவே இருக்கட்டும். கல்யாணத்தின்போது சொன்னதை இப்போது மாற்ற வேண்டாம். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே நாற்காலியை நகர்த்திப் போடுகிற ஜனம்.

பட்டாணிக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நலமா? நான் நலமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் தட்டு இழுக்கும்போது ஏதோ கருகுகிற வாடை வந்தது. ரொட்டிதான் தீய்கிறது என்று நினைத்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் கத்தினார். தீய்ந்தது என் உள்ளங்கை. தோல் உரிந்து கிடந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதலாளி டாக்டரிடம் அனுப்பினார். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அங்கே போய்ப் பலகையைப் படித்தேன். உன் லேப் வாசலில் இருக்கிற அதே சொல். காது மடலில் லேசாகக் கீறிக் கண்ணாடியில் தடவிக்கொண்டார்கள். முழங்கைக்குக் கீழே ஒரு ஊசி போட்டு, நாலு வாரம் கழித்து வந்து அந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். விலாசம் கேட்டபோது வாயில் வந்த பொய்த் தெருவைச் சொன்னேன்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. அக்கா, எனக்கு அதுவா? நேராகச் சொல், நான் தாங்கிக்கொள்வேன். இன்றைக்கே பதில் போடு.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நெகட்டிவ்! நெகட்டிவ்! நெகட்டிவ்!

ஒரு மாதம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். நீ பதில் போடாத கோபத்தையும் இப்போது மன்னித்துவிட்டேன். இன்று போனேன். நர்ஸம்மா கையைத் தடவி, அளவுகோலை வைத்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, தடிப்பு இல்லை, ஊசி போட்ட இடமே தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே, “நெகட்டிவ். பக்கத்து ரூம்ல டாக்டரப் பாத்துட்டுப் போங்க” என்றார். முதல் சொல்லுக்குப் பிறகு என் காது வேலை செய்தால்தானே? பக்கத்து அறை வாசலில் வரிசை நீண்டு கிடந்தது. நோயாளிகள் பார்க்கட்டும், நமக்கென்ன என்று வெளியே வந்தேன். சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

வீட்டுக்கு ஒரு முழு கேக் எடுத்துப்போனேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரி கேட்டாள். சும்மா என்றேன். பட்டாணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை ரெண்டு சுற்று சுற்றினேன். அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள், காது மடல் கீறல் ஆறிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் எழுது. நெகட்டிவ் தம்பிக்கு ஒரு வாழ்த்தாவது சொல்.

தம்பி

ஜூலை 3

தம்பி,

இன்று காலைதான் வந்தேன். உன் இரண்டு கடிதமும் மேஜையில் இருந்தன. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. ஓடிப்போய் ஒரு தந்தி அடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தந்தியில் “உடனே டாக்டரைப் பார்” என்றுதான் சொல்ல முடிந்தது. ஏன் என்பதை இதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அப்பாவுக்குப் பார்த்தது கிருமி இருக்கிறதா என்று. அதில் நெகட்டிவ் வந்தால் மிட்டாய் கொடுக்கலாம். உன் கையில் போட்ட ஊசி கிருமியைத் தேடுவதற்கு இல்லை. செத்த கிருமியைத் தோலுக்குள் வைத்து, உன் உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்கு வருகிறதா என்று பார்ப்பது. சண்டை போடுகிற உடம்பில் அந்த இடம் தடித்து வீங்கும். வீங்கினால்தான் நல்லது. உன் கை வீங்கவில்லை. வாசலில் நிற்கிற காவல்காரன் திருடனுக்குக் கதவைத் திறந்து உட்காரச் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். அந்த நெகட்டிவ்தான் எங்கள் வேலையிலேயே மோசமான சொல்.

காதில் எடுத்ததன் முடிவு பக்கத்து அறை டாக்டரிடம் இருந்திருக்கும். நீ பொய் விலாசம் கொடுத்ததால் அவர்களுக்கு உன்னைத் தேடவும் வழியில்லை.

இந்த ஐந்து மாதத்தில் முன்பின் தெரியாத நாலாயிரம் பேரின் கையைத் தடவிப் பார்த்து வீக்கம் அளந்தேன். என் தம்பி கையை அளக்க நான் இல்லை. அழுகை வருகிறது, எழுத்து கலங்கினால் மன்னித்துவிடு.

மருந்து இருக்கிறது. முழுக்கக் குணமாகும். மருந்து தொடங்கிய சில வாரத்திலேயே உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. வீட்டில் சொல்லிவிடு. பட்டாணியையும் அவள் அம்மாவையும் அழைத்துப்போய்த் தோலைப் பரிசோதிக்கச் சொல். இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டு.

அக்கா

ஜூலை 18

அக்காவுக்கு,

போனேன். மாத்திரை தொடங்கிவிட்டது. ஒன்றைப் போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இன்னொன்றைப் போட்டால் தோல் கறுத்துப்போகுமாம். காதில் எடுத்ததில் கிருமி கொட்டிக் கிடந்ததாம். பட்டாணிக்கும் அவள் அம்மாவுக்கும் பார்த்தார்கள், எதுவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மூச்சு வந்தது.

வீட்டில் உன் கடிதத்தையே படிக்கக் கொடுத்தேன். நோய்க்குக்கூட வீட்டுக்காரி அவ்வளவு அழவில்லை. படித்துவிட்டு, “உங்க அக்கா சளி மருந்து லேப்னு எட்டு வருஷமா சொன்னீங்களே. அதுவே பொய்னா, தொத்தாதுன்னு அவங்க சொல்றத நான் எப்படிங்க நம்புறது?” என்றாள். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

அன்று சாயங்காலமே பட்டாணியோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு தெரு தள்ளித்தான். முதலாளிக்கும் விஷயம் எட்டிவிட்டது. கொஞ்ச நாள் ஓய்வெடு என்றார். அடுப்புக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நீ வர வேண்டாம். நீ வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தம்பி

ஆகஸ்ட் 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆசை. நான் உங்களுக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தம்பியை நான் வெறுத்துவிட்டு வரவில்லை. பயந்து வந்தேன். பிள்ளை தூங்கி எழுந்ததும் அவள் முதுகையும் காதையும் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன். வெயில் பட்ட திட்டைப் பார்த்தால்கூடக் கிள்ளி, வலிக்கிறதா என்று கேட்கிறேன். இங்கே என் அம்மா அவளைத் தனித் தட்டில் சாப்பிட வைக்கிறார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் தடுப்பூசி போடும் வேலைதானே பார்க்கிறீர்கள்? அதில் ஒன்றைப் பட்டாணிக்குப் போட்டுவிடுங்கள். போட்டாச்சு என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் எவ்வளவு மறைத்திருந்தாலும் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் தம்பி மனைவி

செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

நலமாக இரு. உன் கடிதத்தை மூன்று வாரம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்பு. உங்கள் வீட்டில் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த நோயைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான்.

நீ கேட்ட ஊசிப் புட்டிகள் எனக்குப் பத்தடி தூரத்தில் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் பாதி மருந்து, பாதி வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று எனக்கும் தெரியாது, எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியாது. மூடிய பட்டியல் ஒன்று இருக்கிறது, சில வருடம் கழித்துத்தான் பிரிப்பார்கள். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று அப்போதுதான் ஒப்பிட முடியும். மருந்து இருக்கிற புட்டியும் வேலை செய்கிறதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும்.

ஒரு புட்டியைக் கொண்டுவந்து குத்திவிட்டு ‘போட்டாச்சு’ என்று எழுதியிருக்கலாம். என் தம்பி வீட்டில் விளக்கு எரிந்திருக்கும். எழுதவும் உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஒரு பொய்யால் உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன், பிள்ளை பேரில் இன்னொன்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

உண்மை இவ்வளவுதான்: அவன் மாத்திரை சாப்பிடுகிறான், இனி அவனிடமிருந்து தொற்றாது. பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். நம்பு என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஒரு நாளாவது அவளை அவனிடம் காட்டு. அதை மட்டும் கேட்கிறேன்.

அண்ணி

நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

நலமா? நீ என்ன மந்திரம் எழுதினாயோ, வீட்டுக்காரி ஆள் அனுப்பியிருக்கிறாள். வருகிற பதினேழாம் தேதி ஞாயிறு காலை பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். நாலு மாதம் ஆகிறது அக்கா. பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பேன், கூப்பிட்டதில்லை.

வீட்டைக் கழுவிவிட்டேன். திரைச்சீலையை வெளுத்தேன். அவளுக்குப் பிடித்த பட்டாம்பூச்சி பிஸ்கட்டைப் பழைய கடையில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். நாலு நாளாக லேசான காய்ச்சல். உடம்பில் நோய்த் திட்டெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. வலது முழங்கையில் உள்பக்கம் ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு, தொட்டால் உயிர் போகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் மடங்குகின்றன. வலி வருகிறதே, உணர்ச்சி திரும்புகிறதோ என்று ஒரு சந்தோஷம்கூட. டாக்டரிடம் இப்போது போனால் வார்டில் படு என்பார். ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை போகிறேன். நீயும் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தொலைத்துவிடாதே.

தம்பி

நவம்பர் 11

தம்பி,

இதைப் படிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் அப்படியே ஆஸ்பத்திரிக்கு நட. இம்முறை தந்தி அடிக்க மாட்டேன், உன் தெருவுக்குத் தந்தி வந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உன் சொல்லைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது சரியா என்று ஒவ்வொரு மணி நேரமும் கேட்டுக்கொள்கிறேன்.

வந்திருப்பது உணர்ச்சி இல்லையடா. மாத்திரை கிருமியைக் கொன்றதும் இத்தனை வருடம் தூங்கிய உன் உடம்பு திடீரென்று விழித்துக்கொண்டது. கிருமி நரம்புக்குள் ஒளிந்திருப்பதால் நரம்பையே போட்டு அடிக்கிறது. எந்த விழிப்பைக் கொண்டுவர நாங்கள் எலிப் பாதம் அரைக்கிறோமோ, அதுதான் இப்போது உன் கையில் வந்திருக்கிறது, வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத வேகத்தில். வீக்கத்தை அடக்க மருந்து உண்டு. ஒவ்வொரு நாளும் கணக்கு. ஞாயிறு போனால் இன்னொரு ஞாயிறு வரும், விரல் திரும்ப வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜனவரியில் உன் இரும்புக்கைக் கதையைப் படித்தபோதே எனக்குப் பொறி தட்டியது. சூடு தெரியாத கை, பளபளக்கிற முகம். என்னைவிட யாருக்கு அது தெரியும்? ‘கை மரத்திருக்கிறதா?’ என்று எழுதினேன். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அடித்தேன். பேனா கசியவில்லை.

அக்கா

டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதுவது பக்கத்துக் கட்டில்காரர். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். அதனால் எழுத்து அழகாக இருக்கும், ஏமாந்துவிடாதே.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்தேன். ஒரு நாள்தானே என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமை டாக்டர் என்னைத் திட்டவில்லை. மடங்கிய விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார். வலது கை விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான். பயிற்சி கொடுக்கிறார்கள். மாவு பிசைகிற கைக்கு ரப்பர் பந்து பிசைகிற வேலை.

பட்டாணி வந்தாள். பார்த்தேன். நன்றாக வளர்ந்துவிட்டாள், முன்பல் விழுந்திருக்கிறது. அரை மணி நேரம் இருந்தார்கள். மறுபடி எப்போது என்று நான் கேட்கவில்லை, வீட்டுக்காரியும் சொல்லவில்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீ அடித்த அந்த வரியை நான் பிப்ரவரியிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். மரத்துத்தான் இருந்தது. அக்கா கேட்க வேண்டாம் என்றுதானே அடித்திருக்கிறாள், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆகையால் உன் பங்குக்கு மேல் நீ அழாதே. உன் ஊசி வேலையை விட்டுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

டிசம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இது பள்ளிக்கூடத்தில் எழுதும் கடிதம். உறவினர் ஒருவருக்கு எழுதச் சொன்னார்கள். நான் உங்களை எடுத்துக்கொண்டேன். உங்கள் விலாசம் அம்மாவின் பெட்டியில் கவரில் இருந்தது. மிஸ் தபாலில் போடுவார்கள்.

எனக்குப் பல் விழுந்துவிட்டது. கணக்கில் நான்தான் முதல்.

நான் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா கறுப்பாக இருந்தார். பட்டாம்பூச்சி பிஸ்கட் கொடுத்தார். இடது கையால் கொடுத்தார். ஒரு கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நான் தெரு சுற்றிவரலாம் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வெளியே எடுக்கவில்லை. “இன்னொரு நாள்மா” என்றார். நான் கிளம்பும்போதும் எடுக்கவில்லை. என் மேல் கோபம் போல.

அப்பா வீட்டுக்குப் போனால் நன்றாகக் கை கழுவ வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். அதனால் நான் போவதற்கு முன்னாலேயே சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுத்தான் போனேன். ஆனால் வழியில் சுவரைத் தொட்டுவிட்டேன். அப்பா அதைப் பார்த்திருப்பார்.

அடுத்த தடவை எதையும் தொடாமல் வருகிறேன் என்று அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டாணி
இரண்டாம் வகுப்பு